ரெண்டு விடையும் சரியா வர்ற கேள்விகள்: ஆன்லைன் ஐக்யூ டெஸ்ட்ல நான் பட்ட பாடு

வேலைக்கு அப்ளை பண்ண ஒரு இடத்துல முதல் ரவுண்டே ஆன்லைன் அறிவுத்திறன் டெஸ்ட்னு மெயில் வந்துச்சு. சரி, கொஞ்சம் கை பழகிக்கலாமேன்னு நெட்ல கிடைக்குற ஐக்யூ டெஸ்ட்டா தேடித்தேடி எழுத ஆரம்பிச்சேன். காசு போச்சு, ராத்திரி தூக்கம் போச்சு, அதெல்லாம்கூட பரவால்ல, நமக்கு நிஜமாவே மண்டையில சரக்கு கம்மியோன்னு ஒரு எண்ணம் வந்து உள்ள உக்காந்துக்கிச்சு பாருங்க, அதுதான் பெரிய கொடுமை. வீட்ல யார்கிட்டயும் சொல்லல, என்னன்னு சொல்றது, "எனக்கு அறிவு கம்மின்னு ஒரு வெப்சைட் சொல்லுது"ன்னா? அப்போ யாராவது ஒருத்தர் "கேள்வியே அரைகுறைப்பா, நீ ஏன் மண்டையை உடைச்சுக்குற"ன்னு சொல்லியிருந்தா எவ்வளவோ மிச்சமாயிருக்கும். யாரும் சொல்லல, அதான் நான் விலாவாரியா எழுதுறேன்.

முதல்ல கடுப்பேத்துனது நம்பர் சீரிஸ். 2, 4, 8, அடுத்து என்ன? ஆப்ஷன்ல 14-ம் இருக்கு, 16-ம் இருக்கு. ஒவ்வொன்னும் ரெட்டிப்பாகுதுன்னு பாத்தா 16. இடைவெளியைப் பாத்தா முதல்ல 2, அப்புறம் 4, அடுத்து 6 கூடும், அப்போ 14. ரெண்டுமே சுத்தமான விதி, ரெண்டுலயும் ஓட்டை கிடையாது. நான் 14 போட்டேன், தப்புன்னு வந்துச்சு. ஏன் 14 கூடாதுன்னு விளக்கம் ஒரு வரி இல்ல. மூணே மூணு நம்பரைக் கொடுத்துட்டு நாலாவதைக் கேக்குறவன்தான் இங்க யோசிக்காம விட்டவன், நாலஞ்சு நம்பர் சேத்துக் கொடுத்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. ஆனா அதுலயும் ஒரு கூத்து இருக்கு. 1, 2, 4, 8, 16, அடுத்தது? கண்ணை மூடிட்டு 32ன்னு சொல்வோம்ல. ஒரு வட்டத்தைப் போட்டு அதோட விளிம்புல புள்ளி வச்சு எல்லாப் புள்ளியையும் ஒன்னோட ஒன்னு நேர்கோட்டால சேத்தா வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டா பிரியும்னு எண்ணிப் பாருங்க. ஒரு புள்ளிக்கு 1, ரெண்டுக்கு 2, மூணுக்கு 4, நாலுக்கு 8, அஞ்சுக்கு 16, ஆறாவது புள்ளி வச்சா 31. முப்பத்தி ரெண்டு இல்ல, முப்பத்தி ஒன்னு. நான் நம்பாம பேப்பர்ல வரைஞ்சு துண்டு துண்டா பென்சில்ல டிக் அடிச்சு எண்ணுனேன், 31தான்.

கணக்கு தெரிஞ்சவங்களைக் கேட்டா இன்னும் ஒரு படி மேல போவாங்க. எத்தனை நம்பர் கொடுத்தாலும் சரி, அடுத்த இடத்துல நீங்க எந்த நம்பரை வேணா வச்சுக்கலாம், அதுக்குப் பொருந்துற ஒரு பல்லுறுப்புக் கோவை (x, x², x³ மாதிரி உறுப்புகளைக் கூட்டி எழுதுற சூத்திரம்) எப்பவும் உண்டு. நீல் ஸ்லோன்னு ஒரு கணித அறிஞர் 1964ல இருந்து இந்த மாதிரி எண் வரிசைகளா சேத்துக்கிட்டு வந்தாரு, 1996ல அது OEISங்கிற பேர்ல நெட்லயும் வந்துச்சு, இப்போ மூணரை லட்சத்துக்கும் மேல வரிசைங்க அதுல இருக்கு. 2, 4, 8ன்னு அதுல தட்டிப் பாருங்க, எத்தனை விதமா அது தொடருதுன்னு பக்கம் பக்கமா கொட்டும். அப்போ "அடுத்த எண் என்ன"ங்கிற கேள்விக்குக் கணக்குப்படி விடையே கிடையாது, "கேள்வி எழுதுனவன் மனசுல எந்த நம்பர் இருந்துச்சு"ங்கிறதுதான் நிஜக் கேள்வி. இதைப் புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்குக் கோவமும் வந்துச்சு, ஒரு நிம்மதியும் வந்துச்சு. நடைமுறையில என்ன பண்ணலாம்னா, ரெண்டு விதி பொருந்துச்சுன்னா எதைக் கம்மியான வார்த்தையில சொல்ல முடியுதோ அதைப் போட்டுட்டு நகருங்க. "ரெண்டால பெருக்கு" முடிஞ்சுது. "வித்தியாசம் ரெண்டு ரெண்டா கூடுது" கொஞ்சம் நீளம். இது நியாயம்னு சொல்ல வரல, பெரும்பாலான கேள்விங்க அப்படித்தான் எழுதப்படுது.

அடுத்தது படக் கேள்வி. மூணுக்கு மூணு கட்டம், கடைசிக் கட்டம் காலி, கீழ ஆப்ஷன். இந்த வகைக்குத் தாத்தா, ஜான் ரேவன்னு ஒரு உளவியலாளர் 1938ல வெளியிட்ட டெஸ்ட், 60 கேள்வி, அஞ்சு செட்டு, ஒவ்வொரு செட்டுலயும் 12. அதுல அழகு என்னன்னா ஒவ்வொரு செட்டும் சுலபமா ஆரம்பிச்சுப் போகப் போகக் கஷ்டமாகும், முன்னாடி வந்த கேள்வியே அடுத்த கேள்விக்கு வழி சொல்லிக் கொடுத்துடும். நெட்ல அதைப் பாத்துக் காப்பி அடிக்கிறவங்க கட்டத்தை மட்டும் காப்பி அடிச்சுட்டு இந்தப் பொறுமையை விட்டுடுறாங்க. என்னை ஒரு வாரம் தூங்கவிடாத கேள்வி இது, நீங்களும் பாருங்க. முதல் வரிசை: ஒரு கட்டத்துல செங்குத்துக் கோடு, அடுத்ததுல படுக்கைக் கோடு, மூணாவதுல ரெண்டும் சேந்து கூட்டல் குறி. ரெண்டாவது வரிசை: வட்டம், அப்புறம் நடுவுல ஒரு புள்ளி, மூணாவதுல புள்ளி வச்ச வட்டம். மூணாவது வரிசை: ஒரு சதுரம் அதுக்குள்ள ஒரு பக்கம் சாஞ்ச குறுக்குக்கோடு, அடுத்து அதே சதுரம் அதுக்குள்ள இன்னொரு பக்கம் சாஞ்ச குறுக்குக்கோடு, மூணாவது காலி. முதல் ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு வச்சா மூணாவது கிடைக்கும்னு எடுத்துக்கிட்டா விடை சதுரத்துக்குள்ள பெருக்கல் குறி. ஆனா "ரெண்டுலயும் பொதுவா இருக்குறது அடிபட்டுப் போகும், தனித்தனியா இருக்குறது மட்டும் நிக்கும்"னும் ஒரு விதி இந்த மாதிரி டெஸ்ட்ல சகஜமா வர்றதுதான். அப்படிப் பாத்தா சதுரம் காணாமப் போய் வெறும் பெருக்கல் குறி மட்டும். முதல் ரெண்டு வரிசையில பொதுவான கோடே இல்ல, அதனால ரெண்டு விதியும் அங்க ஒரே விடையைத்தான் கொடுக்குது. மூணாவது வரிசையில வந்து பிரியுது. நெடுவரிசையா பாத்தாலும் ஒன்னும் உதவல. ஆப்ஷன்ல ரெண்டும் இருக்கு!

இது கஷ்டமான கேள்வி இல்ல, முடிக்காத கேள்வி. எழுதுனவர் மேல ஒரே ஒரு வரிசையில பொதுக் கோடு ஒன்னு வச்சிருந்தா போதும், எந்த விதின்னு தெளிவாயிருக்கும். நான் இதை அப்படியே வரைஞ்சு அந்த சைட்டோட சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், மரியாதையாத்தான் எழுதுனேன். "எங்கள் கேள்விகள் அனைத்தும் நிபுணர்களால் தயாரிக்கப்பட்டவை"ன்னு பதில் வந்துச்சு, நான் கேட்டதுக்கு அதுல ஒரு எழுத்துகூட பதில் இல்ல. படத்தைத் திறந்தே பாத்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

அப்புறம்தான் பொறுக்க முடியாம அக்காகிட்ட சொன்னேன். அவ சைக்காலஜி படிச்சவ, டெஸ்ட் எப்படி தயாரிக்கிறாங்கன்னு அவளுக்கு அத்துப்படி. கேட்டதும் சிரிச்சுட்டா. "டேய், ஒழுங்கான டெஸ்ட்னா கேள்வியை எழுதுனதோட விடமாட்டாங்கடா, நிறைய பேருக்குக் கொடுத்துப் பாப்பாங்க. மொத்தத்துல நல்ல மார்க் வாங்குறவங்களே ஒரு கேள்வியில பாதிப் பேர் இதையும் பாதிப் பேர் அதையும் போட்டா அந்தக் கேள்வியைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. நீ எழுதுனதுல அந்த வேலையே நடக்கல"ன்னா. வெக்ஸ்லர் டெஸ்ட்னு ஒரு ஐக்யூ டெஸ்ட் உண்டு, பெரியவங்களுக்கான அதோட நாலாவது பதிப்பு 2008ல வந்துச்சு, அதுக்கு அளவுகோல் போடவே 16 வயசுலருந்து 90 வயசு வரைக்கும் 2,200 பேருக்கு வச்சுப் பாத்திருக்காங்க. அக்கா சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொன்னு. அந்த டெஸ்ட்ல எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருப்பாரு, வாய்மொழிக் கேள்விக்கு நம்ம பதில் ரெண்டுங்கெட்டானா இருந்தா "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு கேப்பாராம், கேக்கணும்னே விதிமுறை இருக்காம். நம்ம மனசுல எந்த விதி ஓடுச்சுன்னு சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்குது. ஆன்லைன்ல அந்த ஆள் இல்ல, ஒரு பட்டன்தான் இருக்கு.

"பொருந்தாததைக் கண்டுபிடி" வகை இதைவிட மோசம். பஸ், ரயில், விமானம், சைக்கிள். பறக்குறது விமானம் மட்டும்தான். இன்ஜின் இல்லாதது சைக்கிள் மட்டும்தான். தண்டவாளம் வேணும்னா ரயில். நாலுல மூணுக்கு உடனே காரணம் சொல்லலாம், பஸ்ஸுக்கும் கொஞ்சம் யோசிச்சா கிடைக்கும். இந்தச் சிக்கல் ஆன்லைன் வந்தப்புறம் வந்ததுன்னு நினைச்சேன், இல்லவே இல்ல. அலெக்சாண்டர் லூரியான்னு ஒரு சோவியத் உளவியலாளர் 1930களோட தொடக்கத்துல உஸ்பெகிஸ்தான் பக்கம் கிராமங்களுக்குப் போய் பள்ளிக்கூடம் போகாத விவசாயிங்ககிட்ட சுத்தியல், ரம்பம், கோடாரி, மரக்கட்டை, இதுல எது சேராதுன்னு கேட்டிருக்காரு. மூணும் கருவி, அதனால மரக்கட்டைதான் விடைன்னு கேட்டவர் கணக்கு. அவங்க என்ன சொன்னாங்கன்னா, எல்லாம் சேந்துதான் இருக்கணும், கட்டை இல்லாம ரம்பத்தை வச்சு என்ன பண்றதுன்னாங்க. யோசிச்சுப் பாத்தா அதுல என்ன தப்பு? வகையை வச்சுப் பிரிக்கணுமா, உபயோகத்தை வச்சுப் பிரிக்கணுமான்னு கேள்வியில சொல்லலையே. பள்ளிக்கூடம் போனவனுக்கு "வகையை வச்சுப் பிரி"ன்னு சொல்லாமலே தெரியும், பழக்கம் அப்படி. அந்தப் பழக்கத்துக்குத்தான் மார்க். இந்த வகைக்கு என் வழி, முதல்ல பொருள் என்ன இனம்னு பாப்பேன், அப்புறம் அது என்ன செய்யும்னு, அப்புறம்தான் எழுத்து, உச்சரிப்பு, எத்தனை எழுத்து மாதிரி சமாச்சாரம். இந்த வரிசையில எது முதல்ல ஒத்து வருதோ அதோட நிறுத்திக்குவேன்.

தர்க்கக் கேள்வியில "சில"ங்கிற வார்த்தையைப் பாத்தா உஷாரா இருங்க. "சில மாணவர்கள் பாஸ் பண்ணாங்க, அப்போ சில மாணவர்கள் ஃபெயில், சரியா தப்பா?" சாதாரணமா பேசும்போது எவனும் சரின்னுதான் சொல்வான், எல்லாரும் பாஸாயிருந்தா "எல்லாரும்"னு சொல்லியிருப்பாங்களே. தர்க்க சாஸ்திரத்துல "சில"ன்னா குறைஞ்சது ஒன்னு, எல்லாருமாவும் இருக்கலாம், அதனால அந்த முடிவு செல்லாது. ஒரே டெஸ்ட்ல ஒரு கேள்வி தர்க்கத்தை எதிர்பாக்கும், நாலு கேள்வி தள்ளி "எத்தனை மாசத்துல 28 நாள் இருக்கு"ன்னு ஒரு விடுகதை வரும். பன்னிரண்டுலயும் 28 நாள் இருக்குதான், ஆனா இது அறிவுத்திறன் டெஸ்ட்டா இல்ல கல்யாண வீட்டுல பெரியப்பா பசங்களை மடக்குற வேலையா? 2019ல நெட்டையே ரெண்டாக்குன 8÷2(2+2) ஞாபகம் இருக்கா, ஒருத்தர் 16ம்பாரு ஒருத்தர் 1ம்பாரு. அது எழுதுன விதத்துல இருக்குற கோளாறு, ஒரு அடைப்புக்குறி கூடப் போட்டிருந்தா வேலை முடிஞ்சுது. அதே மாதிரி ஒன்னை அறிவை அளக்குற கேள்வின்னு எனக்கு ஒரு சைட் கொடுத்துச்சு, நான் என்ன சொல்ல.

கேள்வி மட்டும் இல்ல, டெஸ்ட்டோட விதிமுறையே அரைகுறையா இருக்கும். ஒரு சைட்ல ஆரம்பத்துலயே "நேரக் கட்டுப்பாடு இல்லை, நிதானமாக எழுதவும்"னு போட்டிருந்துச்சு. நானும் நிதானமா, டீக்கடையில பேப்பர் படிக்கிறவர் மாதிரி எழுதுனேன். கடைசியில ரிப்போர்ட்ல "உங்கள் சிந்தனை வேகம் சராசரிக்கும் கீழ்"னு ஒரு சிவப்புப் பட்டை! அளக்கப் போறோம்னு சொல்லாமலே அளந்திருக்காங்க. தப்புக்கு மைனஸ் உண்டா இல்லையான்னும் பல இடத்துல சொல்றதில்ல, மைனஸ் இல்லைன்னா ஒன்னும் தெரியாட்டாலும் எதையாவது அமுக்கலாம், இருந்தா விட்டுடணும், இது தெரியாமலே எழுதுனா மார்க் நம்ம துணிச்சலைத்தான் அளக்கும். அப்புறம் அந்தக் கடைசி நம்பர். எனக்கு ஒவ்வொரு சைட்லயும் ஒவ்வொரு ஐக்யூ, இடையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பாதிக்கு மேல சைட்டுங்க எந்த அளவுகோல்னு சொல்லவே இல்ல. சராசரி 100ன்னு எல்லாருமே வச்சுக்குறாங்க, ஆனா திட்ட விலக்கம், அதாவது மார்க்குங்க சராசரியிலருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு, வெக்ஸ்லர்ல 15, பழைய ஸ்டான்ஃபோர்ட் பினேங்கிற டெஸ்ட்ல 16, கட்டெல்ங்கிற டெஸ்ட்ல 24. அதனால முதல் ரெண்டு சதவீதத்துக்குள்ள சரியா நுழையுற ஒரே ஆளுக்கு ஒரு அளவுல 130, இன்னொன்னுல 132, இன்னொன்னுல 148. உங்க ஃப்ரெண்டு 148னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா எந்த அளவுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஐக்யூ அதிகமா உள்ளவங்களைச் சேத்துக்குற மென்சா அமைப்பு அந்த ரெண்டு சதவீதத்தைத்தான் கேக்குது, அங்கேயும் வீட்ல உக்காந்து எழுதுற ஆன்லைன் பயிற்சி டெஸ்ட்டோட மார்க்கை வச்சுச் சேத்துக்க மாட்டாங்க, மேற்பார்வையில எழுதணும்.

இலவசமா கொஞ்சம் நம்பிக்கையானது வேணும்னா ஐகார்னு (ICAR) ஆராய்ச்சியாளர்கள் பொதுவுல விட்டிருக்குற கேள்வித் தொகுப்பு இருக்கு, டேவிட் காண்டனும் வில்லியம் ரெவெலும் 2014ல அதைப் பத்தி கட்டுரை வெளியிட்டாங்க. எண் எழுத்து வரிசை, கட்டப் படம், சொல் தர்க்கம், கனசதுரத்தைத் திருப்பிப் பாக்குறதுன்னு நாலு வகை. கேள்விங்களை ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சோதிச்சுத்தான் வச்சிருக்காங்க. நான் அதுக்கு மாறுனப்புறம்தான் ஒரு கேள்வி தப்பானா "ஆமால்ல, இதைப் பாக்காம விட்டுட்டேனே"ன்னு தோண ஆரம்பிச்சுது. அந்த உணர்வுதான் நல்ல கேள்விக்கு அடையாளம்னு நான் வச்சிருக்கேன். விடையைப் பாத்தப்புறமும் "அப்போ என்னோடது ஏன் தப்பு"ன்னு கேக்கத் தோணுச்சுன்னா கேள்வி மேல சந்தேகப்படுங்க.

வேலைக்கான டெஸ்ட்லயும் ஒரு கேள்வி அப்படி வந்துச்சு, உருவத்தைத் திருப்புற கேள்வி, கண்ணாடியில தெரியுற மாதிரி புரட்டுனா அதே உருவம்னு எடுக்கணுமா வேற உருவம்னு எடுக்கணுமான்னு சொல்லல. பழைய ஆளா இருந்தா அதுலயே நின்னு நேரத்தைக் கரைச்சிருப்பேன். இந்த தடவை ஒரு நிமிஷம் மனசுல எண்ணிட்டு, புரட்டுனா வேறன்னு வச்சுப் போட்டுட்டுப் போயிட்டேன், இந்த வகையில அதுதான் வழக்கம். டெஸ்ட் முடிஞ்சதும் கேள்வி எண்ணையும் சந்தேகத்தையும் ரெண்டே வரியில ஹெச்ஆருக்கு மெயில் பண்ணேன். கேள்வியைப் போட்டோ எடுக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்டும் வேணாம், பல டெஸ்ட்ல அது விதிமீறல், உங்களைத்தான் தூக்குவாங்க. நம்பரும் நம்ம வார்த்தையில விளக்கமும் போதும். அவங்க "டெஸ்ட் நடத்துறவங்களுக்கு அனுப்பியிருக்கோம்"னு பதில் போட்டாங்க, அதுக்கப்புறம் என்னாச்சுன்னு தெரியாது. அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டாங்க. வேலை கிடைக்கல, இன்டர்வியூல நடந்தது வேற கதை.

காசு போனதை இன்னும் சொல்லலையே. டெஸ்ட் இலவசம்னு போட்டிருக்கும், எல்லாக் கேள்வியும் எழுதி முடிச்சப்புறம் ரிசல்ட் பாக்கணும்னா ஒரு சின்னத் தொகை கட்டச் சொல்லும். அவ்வளவு நேரம் மெனக்கெட்டுட்டோமேன்னு யாரும் கட்டிடுவாங்க, தொகையும் அப்படித்தான் வச்சிருப்பாங்க. அந்தப் பேமெண்ட் பக்கத்துல, பட்டனுக்குக் கீழ, சாம்பல் கலர்ல பொடி எழுத்துல "சோதனைக் காலம் முடிந்ததும் மாத சந்தா தொடரும்"னு ஒரு வரி. மாச சந்தா, அந்தச் சின்னத் தொகையைப் போல பல மடங்கு. சில மாசம் போனப்புறம் அக்கவுண்ட்டைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் எடுத்ததைத் திருப்பித் தரமாட்டோம்னுட்டாங்க, கடைசியா எடுத்த ஒரு மாசத்துக்கு மட்டும் பேங்க்ல டிஸ்ப்யூட், அதாவது இந்தப் பணம் எடுத்ததை ஒத்துக்க முடியாதுன்னு புகார், போட்டு வாங்குனேன். நீங்க மாட்டியிருந்தா கார்டை பிளாக் பண்றதுக்கு முன்னாடி சைட்டுக்குள்ள போய் சந்தாவை ரத்து பண்ணுங்க, பண்ண தேதி தெரியுற மாதிரி அந்தப் பக்கத்தை சேவ் பண்ணிக்கங்க, டிஸ்ப்யூட்ல முதல்ல கேக்குறதே அதைத்தான். பேங்க் ஆப்ல ஆட்டோ டெபிட் அனுமதி தனியா இருக்கும், அதையும் நிறுத்தணும், ஒன்னை நிறுத்துனா இன்னொன்னு தானா நிக்காது. ரத்தாச்சுன்னு மெயில் வரலைன்னா ரத்தாகலைன்னே வச்சுக்கங்க. அடுத்த மாச ஸ்டேட்மென்ட்லயும் ஒரு பார்வை பாத்துடுங்க, அங்க அந்த சைட்டோட பேர் இல்லாமலும் போகலாம், சம்பந்தமே இல்லாத வேற ஏதோ கம்பெனி பேர்ல எடுத்திருக்கலாம், அதனால பேரை வச்சுத் தேடாம முதல் தடவை காசு கட்டுன தேதியை வச்சுத் தேடுங்க.